சிங்காரத்தின் விரல்களும் சந்தியாகுவின் சீட்டுகளும்

இடது கையின் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பூவரசங்கட்டையில் வெட்டிய சின்ன வில்லை ஒன்று. வலது கையில் முனை தேய்ந்த உளி. உளி அமுங்கி, இழுத்து, திரும்புகிறது. வில்லையின் முகத்தில் ஒரு நண்டின் கால் விழுகிறது. ஊதியதும் தூள் பறக்கிறது. விரல் நுனி பள்ளத்தைத் தடவிப் பார்க்கிறது. போதவில்லை. உளி அதே வழியில் இன்னொரு முறை போய் ஆழமாக்குகிறது. பக்கத்தில் முடிந்த வில்லைகள் வரிசையாகக் கிடக்கின்றன: மீன், நங்கூரம், சங்கு, நட்சத்திரம், துடுப்பு. எல்லாம் ஒரே வட்டம், ஒரே கனம். விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது.

கைகள் சந்தியாகுவுடையவை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் படகு செய்கிறவர், உடைந்த படகைச் சீர் செய்கிறவர். சில வருடங்களுக்கு முன் மீனவக் குப்பம் ஒன்றுக்காக அவர் செய்துகொடுத்த சீட்டுகள்தான் அந்த வில்லைகள்.

ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. மீனும் இறாலும் வரும் வழிகளுக்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு பருவத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பாடு என்பதை ஊர் கூடிச் சீட்டு எடுத்து முடிவு செய்கிறது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரும் முகத்துவாரத்தை ஒட்டிய பாடு கிடைத்தவர் பருவம் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பார். கடைசிப் பாடு கிடைத்தவரிடம் அந்தப் பருவத்தில் யாரும் கைமாற்று கேட்பதில்லை.

முன்பெல்லாம் தாளில் எழுதிச் சுருட்டிப் போட்டார்கள். ஈரக்காற்றில் தாள் நமுத்துப் போகும், ஓரம் மடங்கும், மடங்கிய சீட்டு யாருக்குப் போனது என்று ஒரு பேச்சு கிளம்பும். அலுத்துப்போன ஊர்த்தலைவர் லோகநாதன் சந்தியாகுவிடம் வந்தார். சந்தியாகு, குப்பத்தின் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற மாதாகோயில்காரர். ஏரியில் அவருக்குப் பங்கு இல்லை. பங்கு இல்லாத கை செய்த சீட்டில் யாரும் குறை காண முடியாது என்பது தலைவரின் கணக்கு.

சந்தியாகு செய்ததில் குறை ஒன்றே ஒன்றுதான். மிகவும் நன்றாகச் செய்துவிட்டார்.

அவர் தொழிலை யாரிடமும் முறையாகப் படித்தவர் அல்ல. உடைந்த படகைப் பலகை பலகையாகக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஃபைபர் படகு வந்தபோது அதையும் அப்படியே கற்றார். நடுவில் கொஞ்ச காலம் காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒப்பந்தத் தச்சு வேலைக்குப் போனார். அங்கே ஒடிசாக்காரர், பீகார்காரர், கேரளக்காரர், கப்பலிலிருந்து இறங்கி வரும் பிலிப்பைன்ஸ்காரர் என்று பல ஊர் ஆட்கள். மழை பிடித்து வேலை நின்றால், அந்த ஒரு மழைக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவர் போன பிறவி என்பார், ஒருவர் கடவுளின் சோதனை என்பார், ஒருவர் மழை பெய்தால் நனைய வேண்டியதுதான், காரணம் எதற்கு என்பார். ஒரு மழைக்கு இத்தனை காரணம் எப்படி என்பது சந்தியாகுவைப் பிடித்துக்கொண்டது.

வேலையை விட்டுத் திரும்பிய பிறகு அந்தக் காரணங்களைத் தேடிப் படிப்பதே பழக்கமாகிவிட்டது. பொன்னேரி நூலகம், ரயிலேறிப் போனால் சென்னையில் பழைய புத்தகக் கடைகள். கிரேக்கர்கள், சீனர்கள், பௌத்தர், சமணர், அரபு நாட்டுச் சிந்தனையாளர்கள் என்று தமிழில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்தார். ஒரு பக்கத்தை மூன்று தரம் படிப்பார். புரியாவிட்டால் நாலாவது தரம்.

படித்ததைக் கொட்டுவதற்கு அவருக்குக் கிடைத்தவர் சிங்காரம். ஏரியில் பங்குள்ள மீனவர், வலை பழுது பார்ப்பதில் அந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே மடியில் கிடக்கும் வலையின் அறுந்த கண்ணை விரலாலேயே தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுவார். ஒரு புத்தகத்தையும் கடைசி வரை படித்ததில்லை. ஒரு வாதத்தையும் பாதியில் விட்டதும் இல்லை. இரண்டு பேரும் மாலையில் ஜோஷ்வாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைக்காது.

ஆரம்பத்தில் சந்தியாகு ஒரு தப்பு செய்துகொண்டிருந்தார். சின்ன வயதில் மாதாகோயில் ஞானோபதேச வகுப்பில் படித்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அளந்தார். பௌத்தர் ஆன்மா இல்லை என்கிறார்களா, அங்கே ஒரு முழம் குறைவு. சீனர் படைத்தவனைப் பற்றிப் பேசவே இல்லையா, அங்கே இரண்டு முழம் குறைவு. சிங்காரம் சில நாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“உன் படவ அளவா வச்சிக்கினு என் படவ அளந்தா, என்னுது கோணலாத்தான்யா தெரியும்.”

அதற்குப் பிறகு சந்தியாகு முறையை மாற்றிக்கொண்டார். முதலில் ஒரு கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்வார். அதே கேள்வியை எல்லோரிடமும் கேட்பார், தன் சொந்த மதத்திடமும். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எது உசத்தி என்பதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பார். பெரும்பாலும் அந்தக் கடைசி வரவே வராது, டீக்கடை மூடிவிடும்.

சிங்காரத்துக்குத் தன் விஷயத்தில் சந்தேகமே இல்லை. சீட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குறி; முகத்துவாரப் பாட்டின் குறி நண்டு. தொடர்ந்து மூன்று வருடம் அவர் கைக்கு நண்டுச் சீட்டே வந்தது. எல்லாம் கங்கையம்மன் கொடுப்பது என்று ஊரெல்லாம் சொல்லி, ஆடி மாதம் கூழும் ஊற்றினார்.

மூன்றாவது வருடம் கடைசிப் பாடு எடுத்தவர் இளவழகன். நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். இந்த வருடச் சீட்டு நெருங்கும்போது ஒரு சாயங்காலம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“தெனம் ரெண்டு பேரும் தலையோட தலை முட்டிக்கினு இன்னாதான் பேசறீங்க? மதமா? நண்டு எப்டி எடுக்கிறதுன்னு பேசறீங்க.”

சிங்காரம் எழுந்தார். சந்தியாகு அவரை உட்காரவைத்துவிட்டு, தலைவர் வீட்டுக்குப் போய்ச் சீட்டு எடுக்கும் குடத்தையும் சீட்டுகளையும் கேட்டு வாங்கிவந்தார். லோகநாதனும் கூடவே வந்தார். சந்தியாகு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, சிங்காரத்தை எல்லோர் முன்னாலும் எடுக்கச் சொன்னார். சிங்காரம் கையை விட்டு, வழக்கம்போல் கொஞ்ச நேரம் துழாவி, ஒன்றை எடுத்தார். நண்டு. திரும்பப் போட்டுக் குலுக்கினார்கள். மறுபடியும் நண்டு. இளவழகன் முதலில் சிரித்தார். மூன்றாவது தரமும் நண்டு வந்தபோது அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. சிங்காரத்தின் முகம் வெளுத்திருந்தது.

சந்தியாகு ஜோஷ்வாவின் தோளில் கிடந்த துண்டை வாங்கிச் சிங்காரத்தின் கையைச் சுற்றிக் கட்டினார். இப்போது எடுக்கச் சொன்னார். சங்கு. அடுத்து நங்கூரம். அடுத்து மீன். துண்டை அவிழ்த்தார். நண்டு.

விஷயம் அப்போதுதான் சந்தியாகுவுக்குப் புரிந்தது. மற்றவர்கள் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டுக் கைக்கு முதலில் பட்டதை எடுத்துவிடுகிறார்கள். சிங்காரம் மனதுக்குச் சரி என்று படும் வரை துழாவுகிறார். குறி அழியாமல் இருக்கட்டும் என்று சந்தியாகு ஆழமாக வெட்டினார். தண்ணீருக்கடியில் வலைக் கண்ணை எண்ணிப் பழகிய விரலுக்கு அந்த ஆழம் போதும். சிங்காரத்துக்குத் தெரியாமலே அவர் விரல் நண்டைத் தெரிந்துகொண்டிருந்தது.

எல்லோருக்கும் அதை விளக்கியபோது சிங்காரம் ஒன்றுதான் கேட்டார். “அப்ப அம்மா குடுக்கலையா?”

லோகநாதன் சீட்டுகளை அள்ளிக் குடத்தில் போட்டார்.

தலைவர் ஊர்க்கூட்டம் முடிவு செய்யும் வரை சிங்காரம் குடத்தில் கை விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது சின்ன விஷயம் அல்ல. அவரவர் சீட்டை அவரவர் கையால்தான் எடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். வெறும் கை உள்ளே போய், எடுத்த சீட்டு தெரிய விரித்த கையாக வெளியே வர வேண்டும். துணி சுற்றிக்கொண்டு எடுப்பதோ, வேறு ஆள் எடுத்துத் தருவதோ செல்லாது. கை விடாதவனுக்குப் பாடு இல்லை. மழைக்காலம் முடிந்து இறால் வருகிற பருவத்தில் சிங்காரம் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூட்டம் வலைக் கொட்டகையில் நடந்தது. ஊர்க்காரர் அல்லாத சந்தியாகு வெளியே ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடம் அனுபவித்ததற்கு மூன்று வருடம் வெளியே இருக்கட்டும் என்றார் இளவழகன். தெரியாமல் நடந்ததற்குத் தண்டனையா என்றார்கள் சிலர். பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. சலித்துப்போன லோகநாதன் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“யோவ் சந்தியாகு, ஊர்ப்பட்ட மதத்தையெல்லாம் படிக்கிறியே, அவங்கல்லாம் இதுக்கு இன்னா சொல்றாங்க?”

பாதி கிண்டல்தான். சந்தியாகு அதை முழுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். முதலில் கேள்வியைச் சரியாக வைப்போம் என்றார். ஆளுக்குத் தெரியாமல் அவன் கை செய்த காரியம் அவன் காரியமா, இல்லையா?

சமணரிடமிருந்து தொடங்கினார். எண்ணம் இல்லாவிட்டாலும் வினை வினைதான் என்பது அவர்கள் வழி. எண்ணம் இல்லாததால் கனம் குறையும், அற்றுப்போகாது. இளவழகன் தொடையில் தட்டி, அவர்கள்தான் நியாயஸ்தர்கள் என்றார். அவர்கள் சொன்னது உயிருக்குச் செய்யும் தீங்கைப் பற்றி, சீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது என்று சந்தியாகு உடனே சொல்லிவிட்டார். பௌத்தர் எண்ணத்தையே வினை என்றவர்கள்; எண்ணம் இல்லாத இடத்தில் அவர்களுக்குக் குற்றம் இல்லை. செயலுக்குப் பின்னால் உள்ள நோக்கத்தைப் பழவேற்காட்டு முஸ்லிம்கள் நிய்யத்து என்கிறார்களே, அதுவும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் சாய்கிறது. தன் கோயிலில், முழு அறிவோடு செய்தால்தான் பெரிய பாவம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கிரேக்கர்களில் ஒருவர் வேறு மாதிரி பார்த்தார்: அறியாமல் செய்தவனை அப்போதே எடை போடாதே, அறிந்த பிறகு அவன் வருந்துகிறானா என்று பார். சீனத்தில் ஒரு வழிக்காரர்களோ, மனம் குறுக்கே வராமல் கை தானாகச் செய்வதுதான் தேர்ச்சி என்பார்கள்.

“அப்ப சீனாக்காரன் இவனுக்கு மாலை போடுவானா மாமா?” என்றார் இளவழகன். கொட்டகை முழுக்கச் சிரித்தது. சிங்காரமும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கும் வரை சந்தியாகு காத்திருந்தார். பிறகு இரண்டாவது கேள்வியை வைத்தார். விரல் செய்வது இப்போது தெரிந்துவிட்டது. இனி அதே குடத்தில் அதே கையை விடலாமா?

“முதல் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்றாங்க. இதுக்கு மட்டும் யாரைக் கேட்டாலும் கூடாதுன்றாங்க.”

“சீனாக்காரனுமா?”

“அவனுந்தான். கை அறிஞ்சதுல மனசு லாபம் பாத்துச்சின்னா, அன்னிக்கே கை கெட்டுப் போச்சுன்றான்.”

லோகநாதன் தீர்ப்பு சொன்னார். போனது போகட்டும், அதில் பெரியவர்களுக்கே ஒத்துப்போகவில்லை. சிங்காரத்தின் விரலுக்குப் பிடிபடாத சீட்டைச் சந்தியாகு செய்துவந்தால் சிங்காரம் கை விடலாம். பிடிபடவில்லை என்று இளவழகன் பார்த்துச் சொல்ல வேண்டும். சீட்டு எடுக்கும் நாளுக்குள் அது ஆகாவிட்டால் இந்தப் பருவம் சிங்காரத்துக்குப் பாடு கிடையாது.

மறுநாளே வேலை தொடங்கியது. சந்தியாகு குறிகளை இழைத்துத் தள்ளிவிட்டு வழுவழுப்பான வில்லையில் பெயிண்ட்டால் வரைந்தார். சிங்காரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்து, தெரியவில்லை என்று தலையாட்டினார். சந்தியாகு மகிழ்ந்து போய் அன்று டீக்கு வடையும் வாங்கிக்கொடுத்தார். மறுநாள் காலை, பல்குச்சியோடு சிங்காரம் பட்டறைக்கு வந்து நின்றார்.

“பொய் சொன்னேன்யா. பெயிண்ட்டு தெரிஞ்சிது.”

எந்த மதம் வந்து சொல்லச் சொன்னது என்று கேட்டார் சந்தியாகு.

“உன் கிரேக்கன்தான். தெரிஞ்ச பிறகு இன்னா பண்றான்னு பாருன்னானாமே. ராவெல்லாம் என் பாயில குந்திக்கினு என்னையே பாத்துக்கினு கீறான்.”

அதை அவர் டீக்கடையிலும் எல்லோரிடமும் சொன்னார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பாடு கிடைக்கும் என்ற நிலையில் இப்படி ஒரு ஆள் தானே வந்து சொல்வதை ஜோஷ்வா நம்பாமல் இரண்டு தரம் கேட்டார்.

அதன் பிறகு சோதனை ஒழுங்காக நடந்தது. சூட்டுக்கோலால் சுட்ட குறி தெரிந்தது. பென்சிலால் எழுதி மேலே வார்னிஷ் பூசினார்; குறி தெரியவில்லை, ஆனால் வில்லையே தெரிந்தது. மரத்துக்கு மரம் ரேகை வேறு, ஒரு தரம் கையில் வாங்கினால் அடுத்த தரம் ஆளைத் தெரியும் என்றார் சிங்காரம். ஜோஷ்வா சோடா மூடிகளைக் கொடுத்துப் பார்த்தார். மூடியின் பல்லில் இருந்த நெளிவைக்கூடச் சிங்காரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோற்க வேண்டும் என்று அவர் மனதார முயன்றார். விரல்கள்தான் கேட்கவில்லை.

நிலைத்து நிற்கிற எதையும் இந்தக் கை கற்றுக்கொண்டுவிடும் என்று சந்தியாகுவுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் வழி தெரியவில்லை. சீட்டு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சிங்காரத்தின் மனைவி குப்பம்மாள் பட்டறைக்கே ஒரு தட்டில் கொழுக்கட்டை கொண்டுவந்தார். பாதியில் வெல்லப் பூரணம், பாதியில் உளுந்து. சிங்காரத்துக்கு வெல்லம்தான் வேண்டும். ஒன்றை எடுத்தார், உருட்டிப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்துக் கடித்தார். உளுந்து. அடுத்ததும் உளுந்து.

“நண்ட மட்டும் கரெக்டா எடுக்கற கை,” என்றார் குப்பம்மாள், “என் பூரணத்த எடுக்கத் தெரியாம தடவுது பாரு.”

சந்தியாகு மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்த கொழுக்கட்டையை இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்தார். வெல்லம். அதைச் சிங்காரத்திடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய் ஏரி மண் அள்ளி வந்தார்.

குறியை மேலே வைக்கும் வரை எந்தக் குறியானாலும் விரல் படிக்கும். குறி உள்ளே இருக்க வேண்டும். ஒரு தரம் எடுத்ததும் உடைத்துவிட வேண்டும். அடுத்த வருடம் வேறு மண், வேறு உருண்டை. விரல் பழகிக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது. மண்ணைச் சலித்து, மணல் கொஞ்சம் கலந்து பிசைந்தார். முதல் உருண்டைகள் காயும்போது வெடித்தன. மணலைக் கூட்டினார். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைத்தார். தாள் ஈரத்தில் கரையும் என்பதால் பனையோலைத் துண்டில் ஆணியால் குறி கீறினார். தனக்கே தெரியக் கூடாது என்று ஓலைகளைக் கவிழ்த்துக் கலைத்துக் குப்பம்மாளிடம் கொடுத்தார். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய அந்தக் கை ஒரே பருமனில் உருட்டித் தள்ளியது. யோசனை தன்னுடையது என்பதைக் குப்பம்மாள் அன்று மட்டும் பல பேரிடம் சொன்னார்.

சோதனைக்கு இளவழகன் வந்தார். முன்னமே தனியாகச் செய்து வைத்திருந்த உருண்டைகளைச் சிங்காரத்தின் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். சிங்காரம் கண்ணை மூடி உருட்டினார், நகத்தால் தட்டினார், காதருகே வைத்துக் குலுக்கினார். முகம் மெல்ல மலர்ந்தது.

“ஒண்ணும் தெரியலடா. ஏரி மண்ணுதான் தெரியுது.”

அவர் நண்டு என்று குருட்டாம்போக்கில் எடுத்த உருண்டையை இளவழகன் கல்லில் தட்டி உடைத்தார். துடுப்பு. அடுத்தது நட்சத்திரம். நண்டு கடைசியாக வந்தது. வேண்டுமென்றே கூட அப்படி எடுத்திருக்கலாமே என்று பக்கத்தில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். இளவழகன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“பெயிண்ட்டு தெரிஞ்சிதுன்னு தானா வந்து சொன்ன ஆளு. இப்ப தெரியலன்னா தெரியலதான்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சீட்டு நாளன்று காலையில் ஊர் முழுக்கக் கொட்டகையில் கூடியிருந்தது. சிங்காரம் குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் இளவழகன். இரண்டு பேரும் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடத்தோடு வந்த சந்தியாகுவைப் பார்த்ததும் சிங்காரம் கூப்பிட்டுச் சொன்னார்.

“இன்னிக்கி நண்டு வந்தா அம்மா குடுத்தது. உன் கிரேக்கனும் சீனனும் கூட ஒண்ணும் பேச முடியாது.”

வராவிட்டால் என்று கேட்டார் சந்தியாகு.

“வராட்டியும் அம்மா குடுத்ததுதான். சாயங்காலம் டீக்கடைக்கு வா, பேசலாம்.”

லோகநாதன் முன்னால் வந்தார். முகத்துவாரம் எதிலே இருக்கிறது என்று தாழ்ந்த குரலில், விளையாட்டாகத்தான், கேட்டார். செய்த எனக்கே தெரியாது என்றார் சந்தியாகு. அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த சந்தோஷம், உளியால் நண்டு வெட்டிய அன்றுகூட இருந்ததில்லை. குடத்தின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். அடியில் ஒரு கையும் விளிம்பில் ஒரு கையுமாகப் பிடித்து, தலைவர் நீட்டிய இரண்டு கைகளில் வைத்தார்.